கணக்கு அவர்களிடம், கலக்கம் நம்மிடம்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஆவணிப் பௌர்ணமி. அம்பத்தூர் ஏரிக்கு மேலும், ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிக்கு மேலும், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருமருங்கு மாடிகளுக்கு மேலும் முழுநிலவு எழுந்தது. இரவு 9 மணி 57 நிமிடத்தில் அந்த வெண்வட்டின் விளிம்பைக் கருநிழல் ஒன்று தொட்டது. 11 மணி 1 நிமிடத்தில் நிலவு முழுவதும் நிழலுக்குள் புகுந்தது. செம்புத் தட்டெனச் சிவந்தது. 82 நிமிடம் அந்தச் செம்மை நீடித்தது. பின்னிரவு 1 மணி 26 நிமிடத்தில் கடைசி நிழலும் விலகிற்று.

மேகம் விட்ட இடைவெளிகளில் இதைக் கண்டு களித்தோர் உண்டு. ஆயினும், காண அஞ்சிக் கதவடைத்தோர் எத்தனை பேர்! மாலையிலேயே அடுப்பை அணைத்தனர். மீந்த சோற்றின்மேல் தருப்பைப் புல்லைக் கிள்ளிப் போட்டனர். கருவுற்ற பெண்ணை உள்ளறையில் அமர்த்தி, சன்னலுக்குத் திரையிட்டனர். கோவில்கள் பலவற்றில் நடை சாத்தப்பட்டது. அண்டமெல்லாம் படைத்து அருளுவதாகச் சொல்லப்படும் ஆண்டவனே, ஒரு நிழலுக்காகக் கதவடைத்து உள்ளே இருந்தார்!

நாம் நகைக்க இதைச் சொல்லவில்லை. நம் வீட்டுக் கதைதான் இது. பாட்டி சொன்னாள், தாய் கேட்டாள், மகள் அடங்கினாள். நாம் கேட்க விரும்புவது ஒன்றே. கிரகணம் இன்ன நாளில், இன்ன நேரத்தில் வரும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்த நாட்டில், கிரகணத்தைக் கண்டு அஞ்சும் வழக்கம் எப்படி நிலைத்தது? கணக்கும் கலக்கமும் ஒரே பஞ்சாங்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தது எப்படி? இதற்கு விடை வானத்தில் இல்லை, தோழர்களே, வரலாற்றில் இருக்கிறது.

வானத்தைப் பார்க்கத் தெரியாதவனல்லன் தமிழன். புறநானூற்றின் 229-ஆம் பாட்டு அதற்குச் சான்று. கூடலூர் கிழார் பாடியது. பங்குனித் திங்களில் ஓர் இரவு. விண்மீன் ஒன்று எரிந்து வீழ்ந்தது. அப்போது எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது அடைந்தது என்பதையெல்லாம் குறித்து வைக்கிறார் புலவர். எத்துணைக் கூரிய கண்! ஆனால் அந்தக் கண் கண்ட காட்சிக்கு நெஞ்சம் கற்பித்த பொருள் வேறு. மன்னனுக்குத் தீங்கு வரும் என்று அஞ்சினார். ஏழாம் நாள் சேரமன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தான். அச்சம் உண்மையாயிற்று எனப் பாட்டும் எழுந்தது.

இன்று நாம் அறிவோம்: வீழ்ந்தது விண்மீன் அன்று. மணலளவோ கல்லளவோ உள்ள விண்துகள், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் நம் காற்று மண்டலத்தில் பாய்ந்து ஒளிர்ந்து அழிகிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 14-ஐ ஒட்டிய இரவுகளில் அத்தகைய கொள்ளிகள் கூட்டங்கூட்டமாக வீழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்னன் மடிவதென்றால் மண்ணில் மன்னர்கள் போதமாட்டார்கள்! கொள்ளி வீழ்ந்தும் மன்னன் வாழ்ந்த இரவுகள் எத்தனையோ. அவற்றை எவரும் பாடவில்லை. பலித்த ஒன்றை ஏட்டில் எழுதி, பலிக்காத நூற்றை மறந்துவிடுவதே மூடநம்பிக்கையின் முதல் தந்திரம். கண் பொய் சொல்லவில்லை. கண் கண்டதற்குக் காரணம் தேடும் பழக்கம் வளரவில்லை.

பிறகாவது வளர்ந்ததா? வளர்ந்தது, வளர்ந்ததை வளைத்தார்கள். கி.பி. 499-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டரின் நூல், நிலவை மறைப்பது மண்ணுலகின் நிழலே என்று தெளிவாகக் கூறிற்று. பாம்பு இல்லை, விழுங்கல் இல்லை, நிழல்! பல பாகத் தெலுங்கிலும் தமிழிலும் இராகு கேதுக் கதை ஓதப்பட்ட நூற்றாண்டுகள் முழுவதும் இந்த உண்மை ஏட்டில் இருந்தது. ஆனால் கி.பி. 628-இல் நூல் செய்த பிரமகுப்தரைப் பாருங்கள். நிழலின் அளவைக் கணக்கிட்டுக் கிரகணத்தைக் குறிக்கத் தெரிந்த பெருங் கணிதர். அவரே மற்றோரிடத்தில், இராகுவை மறுப்போர் வேதத்துக்கும் மரபுக்கும் புறம்பாகப் போகிறார்கள் என்று கண்டித்தார்! கணக்குக்கு நிழல், கண்டனத்துக்கு இராகு.

1030-ஐ ஒட்டி இந்நாட்டைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி, இந்த முரண்பாட்டைக் கண்டு திகைத்தார். உண்மை அறிந்தவர் ஏன் இப்படி எழுதினார்? சாக்ரட்டீசுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேருமோ என்ற அச்சமாக இருக்கலாம் என்று கருதினார். எண்ணிப் பாருங்கள்: நஞ்சுக் கோப்பைக்கு அஞ்சி ஒரு பேரறிஞன் நாவடக்கினான் என்றால், நாட்டில் அதிகாரம் எவரிடம் இருந்தது? நிழலைக் கணித்தவனிடமா, இராகுவை ஓதியவனிடமா?

தமிழ் மண்ணுக்கு வருவோம். புதுச்சேரிக்கு லெ ழான்டி என்ற பிரெஞ்சு வானியலார் வந்தார். பரிதியின் முகத்தைக் கடந்து வெள்ளிக் கோள் செல்லும் காட்சியைக் காண வந்தவர். 1761-இல் அக்காட்சி நிகழ்ந்தபோது நடுக்கடலில் இருந்தார். புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. எட்டாண்டு காத்திருந்தார். 1769 ஜூன் வந்தது. புதுச்சேரியில் மேகமும் வந்தது! காட்சி கிட்டவில்லை. ஆயினும் வேறொரு வியப்பு அவருக்குக் கிட்டிற்று. தமிழ்நாட்டுக் கணியர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அங்கே கற்றார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த நிலவு மறைப்பை அம்முறையால் கணித்துப் பார்த்தபோது, அதன் கால அளவில் பிழை 41 வினாடி. அன்றைய ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த தொபியாசு மேயரின் அட்டவணையிலோ பிழை 68 வினாடி!

இதைக் கேட்டதும் மார்தட்டத் தோன்றும். சற்றுப் பொறுங்கள், கதையின் மறுபாதி இருக்கிறது. ஒரு கணிப்பில் பிழை குறைந்ததால் முறை முழுவதும் சிறந்ததாகிவிடாது.

சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை 1805 முதல் சில ஆண்டுகள் வகித்த ஜான் வாரன் என்பார், 'காலசங்கலிதம்' என்னும் பெருநூலை 1825-இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரிக் கணியர் ஒருவர் கிரகணம் கணித்ததைக் கண்ணால் கண்டு அதில் எழுதியிருக்கிறார். கணியர் கையில் எழுதுகோல் இல்லை, தாள் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி எண்களாக வைத்தார்; கூட்டினார், கழித்தார், சோழிகளை நகர்த்தினார். வேண்டிய வாய்பாடுகள் அனைத்தும் மனப்பாடம். 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் நிலவு மறைப்பைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். சோழியை வைத்துக்கொண்டு இவ்வளவு அருகே வந்தது அருஞ்செயலே. ஆனால் வாரன் எழுதிய மற்றொன்று நம் நெஞ்சைத் தைக்கிறது: அந்தக் கணியருக்குத் தாம் செய்யும் கணக்கின் பின்னுள்ள கோட்பாடு ஒரு சொல்லும் தெரியாது!

இதுதான் வாக்கிய முறை. நிலவு மண்ணுக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து புறப்பட்டு, அந்நிலையை 9 முறை மீண்டும் எய்த ஏறத்தாழ 248 நாள் ஆகும். அந்த 248 நாளுக்கும் நாளுக்கொரு வாக்கியம்; ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளிலும் நிலவு நிற்கும் இடம் எண்ணாக ஒளிந்திருக்கும். அழகிய ஏற்பாடு! தந்தை சொல்ல மைந்தன் மனனம் செய்தான். அவன் சொல்ல அவன் மைந்தன். 1952-இல் நாய்கெபாவர் என்ற வரலாற்றறிஞர் இதை ஆராய்ந்து, பண்டைப் பாபிலோனியர் கைக்கொண்ட எண்முறைகளின் மரபு தமிழகத்தில் 19-ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்திருக்கிறது என வியந்தார்.

நாமும் வியக்கிறோம், வியந்த பின் வினவுகிறோம். மனனம் காப்பாற்றியது எதை? விடையை. இழந்தது எதை? காரணத்தை. சில குடும்பங்களின் நினைவில் பூட்டப்பட்ட கணக்கு, தெருவுக்கு எந்த வடிவில் வந்தது? 'இன்ன நேரம் பீடை. முழுகு, தானம் கொடு, கதவடை' என்ற கட்டளையாக வந்தது. அறிவை அறைக்குள் பூட்டினர். அச்சத்தைத் தெருவில் அவிழ்த்துவிட்டனர். நேரத்தைச் சொன்னவர் காரணத்தைச் சொல்லவில்லை. சிலருக்குத் தெரியாது, தெரிந்த சிலர் சொல்லவில்லை.

இது நம் நாட்டுக்கே உரிய நோய் என்று எண்ணவேண்டா. 1504 பிப்ரவரி 29 அன்று ஜமைக்காத் தீவில் கொலம்பசு என்ன செய்தான்? உணவு தர மறுத்த தீவு மக்களை, 'என் கடவுள் நிலவைப் பறித்துக்கொள்வார்' என்று மிரட்டினான். அவன் பையில் ஐரோப்பிய வானியல் அட்டவணை இருந்தது; அன்றிரவு கிரகணம் என்பது அவனுக்குத் தெரியும். நிலவு சிவந்தது, மக்கள் அலறினர், உணவு வந்தது. ஒருவன் மட்டும் அறிந்த உண்மை, ஊரார் கழுத்தில் கயிறு. கிரகணத்தின் வரலாறு முழுவதும் இந்தப் பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

இனி நம் சென்னைக்கு. எழும்பூரில் 1786-இல் வில்லியம் பெட்ரி தம் இல்லத்தில் வைத்திருந்த வானாய்வுக் கருவிகளே சென்னை வானாய்வகத்தின் தோற்றுவாய். கம்பெனியார் அதை ஏற்றனர். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூணில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டது. நம் மக்கள் நிலவைக் கண்டு மகிழவேண்டும் என்பதற்காகவா கம்பெனி இதைக் கட்டிற்று? அன்று! கப்பலுக்குத் திசை வேண்டும், நிலம் அளக்க வரைகோடு வேண்டும், வாணிகத்துக்கு நேரம் வேண்டும். நேரத்தை எங்கே எடுப்பது? வானத்திலிருந்துதான். இரவுதோறும் தொலைநோக்கியில் கண் வைத்து, இன்ன விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறித்துக் கடிகாரத்தைத் திருத்தினர். அதுவே 'சென்னை நேரம்'.

1856 ஜூலை 1-இல் இராயபுரத்திலிருந்து வாலாசாவுக்குத் தென்னாட்டின் முதல் புகைவண்டி ஓடிற்று. அம்பத்தூர் வழியே, ஆவடி வழியே போகும் அதே பாதை! பின்னர் இந்திய இருப்புப்பாதைகள் பலவும் சென்னை நேரத்தையே கைக்கொண்டன. 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்தபோது கடிகாரங்கள் 9 நிமிடம் முன்னே நகர்ந்தன. இன்று காலை அம்பத்தூர் நிலையத்தில் மின்தொடர்வண்டிக்கு ஓடும் தொழிலாளி, கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறார். இராகுகாலத்தைப் பார்த்து அன்று. இராகுகாலம் முடியட்டும் என்று எந்த வண்டியும் நிலையத்தில் நின்றதில்லை. நின்றால் நாடே நின்றுவிடும் என்பது இராகுகாலம் பார்ப்பவருக்கும் தெரியும். வயிற்றுப்பாட்டுக்கு விண்மீன் தந்த நேரம். வாழ்க்கைச் சடங்குக்கு மட்டும் பாம்பு தந்த நேரம்!

அந்த நுங்கம்பாக்கத்தில்தான் சிந்தாமணி இரகுநாதாச்சாரி பணியாற்றினார். பஞ்சாங்கம் பார்க்கும் மரபில் வந்தவர். பிறப்பை நாம் எடைபோடுவதில்லை, செயலை எடைபோடுகிறோம். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து அறிவித்தார். 1868 ஆகஸ்டு 18-இன் முழுப் பரிதி மறைப்பைக் காணத் தெலுங்கு நாட்டு வனபர்த்திக்குச் சென்றார். 1872-இல் இங்கிலாந்தின் அரச வானியல் கழகத்தில் உறுப்பினரானார். இவையெல்லாம் பெருமை. ஆனால் இவற்றினும் பெரிதாக நாம் கருதுவது வேறு.

1874 டிசம்பர் 9-இல் வெள்ளிக் கோள் பரிதியைக் கடக்கவிருந்தது. அதற்கு முன்பே, அது என்ன, ஏன் நிகழ்கிறது, எப்படிப் பார்ப்பது என்று விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தோடு நிற்கவில்லை, இந்திய மொழிகள் பலவற்றிலும் வெளியிட முனைந்தார். அறையின் பூட்டை உள்ளிருந்தே ஒருவர் திறந்தார்! பழைய வாக்கியங்களை வானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் வாக்கியத்தைத் திருத்துங்கள். வானத்தைத் திருத்த முடியாது என்பதே அவர் வாதம். 1880-இல் மறைந்தார்.

அவர் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு. திருந்திற்றா பஞ்சாங்கம்? இரண்டாகப் பிரிந்தது! வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று. திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்று. இரண்டும் விற்பனையாகின்றன, இரண்டையும் நம்புவோர் இருக்கின்றனர். திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச்சு 29-இல் முடிந்தது. வாக்கியப்படி அது 2026-இல்தான்! வானத்தில் சனி ஒன்று. பஞ்சாங்கத்தில் பெயர்ச்சி இரண்டு. இடையே ஏறத்தாழ ஓராண்டு. பெயர்ச்சியால் கேடு வரும் என்பது உண்மையாயின், அந்தக் கேடு எந்தத் தேதியில் வண்டி ஏறிற்று? இந்த ஓராண்டில் பரிகாரம் செய்தவர் பணம் வீணா? செய்யாதவர் குடும்பம் பாழா? விடை சொல்வாரைக் காணோம்.

இன்னொன்றும் கேளுங்கள். கிரகணம் நிகழ்ந்த அந்தச் செப்டம்பர் இரவில், சிவந்த நிலவுக்குக் கிழக்கே சற்றுத் தள்ளி அமைதியாக ஒளிர்ந்த புள்ளி ஒன்று இருந்ததே, அதுதான் சனி! ஒரு பஞ்சாங்கம் அதைக் கும்பத்தில் வைத்தது. மற்றது மீனத்தில் வைத்தது. அஞ்சிக் கதவடைத்தவருக்கு இரண்டு பஞ்சாங்கமும் தெரியும். தலைக்கு மேலே நின்ற சனியைத் தெரியாது.

நம் மேற்குப் புறநகரின் பெருமை என்ன? ஆவடியில் போர்டாங்கிகள் செய்கிறார்கள். அம்பத்தூர்ப் பட்டறைகளில் கடைசல் பிடிக்கும் இளைஞன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் 'கழிவு' என்று பொருளை ஒதுக்குகிறான். அளவுகோலோடு ஒத்துவராத இரும்பை ஒதுக்கும் அந்தக் கை, வானத்தோடு ஒத்துவராத பஞ்சாங்கத்தை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா? பகலில் பட்டறையில் உள்ள அறிவு, இரவில் வீட்டுக்கு வரும்போது வாயிற்படியிலேயே நின்றுவிடலாமா?

நாம் அறிந்ததை எளிதாகச் சொல்வோம். பரிதிக்கும் நிலவுக்கும் இடையே நாம் வாழும் மண்ணுருண்டை வருகிறது. அதன் நிழல் நிலவின்மேல் படுகிறது. மாதந்தோறும் ஏன் நிகழவில்லை? நிலவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு நிழலுக்கு மேலோ கீழோ தப்பிச் செல்கிறது. ஏன் சிவக்கிறது? நம் காற்று மண்டலம் பரிதியின் ஒளியை வளைத்து அனுப்புகிறது. நீலம் சிதறிப் போகச் செம்மை மட்டும் நிலவை எட்டுகிறது. அந்த நேரத்தில் உலகெங்கும் நிகழும் விடியல்களும் அந்திகளும் சேர்ந்தே நிலவைச் சிவக்க வைக்கின்றன. நிழலின் விளிம்பு வளைந்திருக்கிறதே, ஏன்? மண்ணுலகம் உருண்டை என்பதற்கு அரிசுட்டாட்டில் காட்டிய சான்றே அதுதான். மாடியில் நின்று நம் உலகின் உருவத்தையே பார்க்கிறோம்!

கருவுற்ற பெண்ணுக்குக் கேடாமே? கிரகணத்தில் நிலவொளி குறைகிறதே ஒழியக் கூடுவதில்லை. முழுநிலவின் ஒளி தீண்டாத குழந்தையைக் குறைந்த ஒளி தீண்டுமா? சோற்றைக் கெடுப்பது நேரமும் ஈக்களும்தான், நிழல் அன்று. ஒன்றை மறவாதீர்: நிலவு மறைப்பை வெறுங்கண்ணால் எவரும் பார்க்கலாம், பரிதி மறைப்பை வெறுங்கண்ணால் பார்த்தல் ஆகாது, விழித்திரை கருகும். அதற்கென உள்ள வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். வீண் அச்சத்தை ஒழிப்பது பகுத்தறிவு. தேவையான எச்சரிக்கையைக் கைக்கொள்வதும் அதே பகுத்தறிவுதான்.

புறநகரின் விளக்கொளியில் பால்வீதி மங்கிவிட்டது, உண்மை. ஆயினும் நிலவை எந்தத் தெருவிளக்கும் மறைக்கவில்லை. சனியும் வியாழனும் வெள்ளியும் மாடிக்கு மாடி தெரிகின்றன. பௌர்ணமிதோறும் ஒரு மாடி. மாடிக்குப் பத்துப் பேர். அவர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் சிறுவராகவும் இருக்கட்டும். வாய்த்தால் ஓர் இருகண் நோக்கி; வாய்க்காவிட்டால் வெறுங்கண் போதும். பஞ்சாங்கத்தையும் கொண்டு வாருங்கள். எரிப்பதற்கு அன்று, ஒப்பிடுவதற்கு! ஏட்டில் உள்ளது வானில் இருக்கிறதா என்று சிறுவன் கேட்கட்டும். பாட்டியையும் கைப்பிடித்து மேலே அழைத்து வாருங்கள். வாழ்நாளெல்லாம் கதவுக்குப் பின்னால் கழித்த கிரகணங்களில் ஒன்றையேனும் அவர் கண் காணட்டும்.

2028 டிசம்பர் 31 இரவு மீண்டும் முழு நிலவு மறைப்பு. நம் நாட்டு நேரப்படி பத்து மணியைத் தாண்டியதும் நிலவு செம்பாய் நிற்கும். புத்தாண்டு பிறக்கும் முன் அது வெண்மைக்குத் திரும்பத் தொடங்கும். இந்த நேரத்தை நாம் இன்றே, எல்லோருக்கும் சொல்கிறோம். காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டோம். இனி இது எவர் வீட்டுப் பூட்டிய பெட்டியும் அன்று.

அன்றிரவு அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் எத்தனை கதவுகள் மூடியிருக்கின்றன, எத்தனை மாடிகள் நிறைந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போம். நாம் வளர்ந்த அளவு அந்த எண்ணிக்கையில் தெரியும்.